மூன்று படி

பண்டிகை முற்பணம் வெள்ளிக்கிழமை வந்தது.
பத்து மாதம் சம்பளத்தில் கழிப்பார்கள்.
அதைத் தீபாவளி முடிய நினைக்கலாம்.

சனி காலை மழை விட்டிருந்தது.
மத்திய வீதி முழுக்கச் சேறும் சனமும்.
நடைபாதைக் கடைப் பெடியன் தறப்பாளை உதற
அத்தனை தண்ணீரும் என் மடியில்.
"ஐயோ அக்கா, காணேல்லை."
உண்மைதான்.
எல்லோருடைய இடுப்பளவில் போகிறவளை
இந்த நெரிசலில் யார் காண்பது?
எனக்குத் தெரிவதும்
கைப்பைகள், பெல்ட்டுகள், பிள்ளைகளின் முகங்கள்.
பிள்ளைகள் மட்டும் நேரே பார்ப்பார்கள்.
"அம்மா, இவ ஏன் இருந்துகொண்டே போறா?"
தாய் அவளைச் சுண்டி இழுத்துக்கொண்டு போனாள்.
நல்ல கேள்வி.
பதில் வைத்திருந்தேன்.

புடவைக்கடைக்கு மூன்று படி.
"வாற வருசம் சரிவா ஒரு பலகை போடுவம் தங்கச்சி"
என்று போன வருடம் சொன்ன முதலாளி
இந்த வருடம் படிக்கு மாபிள் போட்டிருக்கிறார்.

ஆகவே கடை வெளியே வருகிறது.
துசியந்தன் என்று சட்டையில் பெயர் குத்திய பெடியன்
தோளில் சேலைகளோடு ஏறி இறங்குகிறான்.
எட்டாம் தரம்,
"மாம்பழ மஞ்சள்தான் உங்களுக்கு எடுப்பு அக்கா" என்றான்.
அவனுக்குக் கால் நோகிறது என்று விளங்கியது.
ஓட்டோக்காரர் பச்சை என்றார்.
வடை வாங்க வந்தவர் வடையால் நீலத்தைக் காட்டினார்.
பஸ்ஸுக்கு ஓடிய சிங்கள அம்மா ஒருவர்
மஞ்சளைத் தொட்டு "லஸ்ஸனயி" என்றுவிட்டு ஓடினார்.
தெருவில் சேலை எடுத்தால்
ஊரே உடுத்துப் பார்க்கும்.

அப்போதுதான் மான் வந்தது.
கோட்டைப் பக்கத்து மான்கள்
ஊருக்குள் திரிவது புதினமில்லை.
ஈரப் புள்ளிகளோடு, வாயில் கோவா இலையோடு,
ஒரு படி, இரண்டு படி,
மாபிளில் குளம்பு வழுக்கி, சமாளித்து, மூன்று.
காசாளர் மேசைக்கு முன்னால் போய் நின்றது
விலை கேட்க வந்தது போல.
உள்ளே ஒரே கூச்சல், சிரிப்பு.
நானும் சிரித்தேன்.
கொஞ்சம் பொறாமையும்தான்.

சிரித்தபடி குனிந்தால்
மடியில் நூறு ரூபாய்.
நாலாய் மடித்த தாள்,
சாம்பிராணி மணத்தோடு.
வைத்த கை அதற்குள் படியேறிவிட்டது.
நாவல் நிறச் சேலை, ஈரக் கூந்தல்,
மணிக்கட்டில் வெளிறிய சிவப்புக் கயிறு.
"அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ!"
வாழ்த்துகிறேன் என்று நினைத்தாவோ,
திரும்பாமலே கையசைத்தா.

துசியந்தனிடம் கொடுத்தனுப்பினேன்.
"உள்ளுக்கு நாவல் நிறத்தில அஞ்சு பேர் அக்கா,
ஆளுக்கு இருபதாக் குடுக்கவா?"

கோபம் வந்ததா என்றால், வந்தது.
மஞ்சளுக்கு விலை குறைக்கையில் மறந்தது.
மிச்சக் காசை எண்ணும்போது
அந்தத் தாள் விரலில் பட,
திரும்பவும் வந்தது.

நஸ்ருல்லா நானாவின் சைக்கிள் கடைக்குப் படி இல்லை.
எண்ணெய்த் தரையில் நேரே உருண்டு போகலாம்.
நான் வாடிக்கையாளராய் உள்ளே நிற்கும்
ஒரே கடை.
என் செருப்பு ஆறு வருடமாய்ப் புதுசு,
அடியில் விலைச்சீட்டுக்கூட அழியவில்லை.
தேய்வது ரயர்.
இடது சில்லின் அளவுக்குக் கறுப்பு முடிந்துவிட்டது.
சின்னப் பெட்டைகளின் சைக்கிளுக்கு வந்த
ரோசாப்பூ நிறம்தான் இருந்தது.
"ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் ரோசா.
ஆக்கள் பாப்பாங்களே தங்கச்சி?"
"பாக்கட்டும் நானா.
காத்தை நல்லா அடியுங்கோ."

விடுமுறை முடிந்தும்
நூறு ரூபாய் கச்சேரியில் என் லாச்சிக்குள் கிடக்கிறது.
கொடுப்பனவு, முகவரி மாற்றம், பெயர்ப் பிழை
எல்லாவற்றுக்கும் என் யன்னலுக்குத்தான் வரவேண்டும்.
குனிந்து, என் முகம் பார்த்து,
"மிஸ்" என்று தொடங்குவார்கள்.
மேசைக்குக் கீழே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

படிவம் நீட்டுகிறவர்களின்
மணிக்கட்டைத்தான்
இப்போது முதலில் பார்க்கிறேன்.